நா. பகவதி கேட்ட தகவல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொடியில் இரண்டு நாள் துணி. காயவில்லை, நாற்றம் மட்டும் வந்துவிட்டது. முந்திரி கம்பெனிக்கு லீவ் சொல்லிவிட்டு பாஸ்போர்ட் ஆபீஸ் போனேன். வேலை நடக்கவில்லை.

ஆதாரில் பிறந்த தேதி 20-12-1972. பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் 26-4-1971. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் ரம்யா வயசுதான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எது நீங்க?" என்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், அதில் இருப்பதுதான் தேதி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ரம்யாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். மஸ்கட்டில் அவளும் மருமகனும் மட்டும். அவளுக்கு மாமியாரும் இல்லை. நான் போயே ஆக வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போவது?

ஆதார் தேதி அம்மா செய்த வேலை. ஆதார் எடுக்கிற அன்று கூட வந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் "எழுவத்திரெண்டு மார்கழி அஞ்சு" என்று சொல்லிவிட்டாள். அப்போது அவசரத்தில் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சண்டை. பெற்ற பிள்ளை பிறந்த தேதிகூட நினைவில்லையா என்று கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாங்க வேண்டியது: உளுந்து, டெட்டால், அம்மாவுக்குக் கால்வலித் தைலம், குடைக்கு ஒரு கம்பி.

ஜூன் 5, வியாழன்

நகராட்சிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பழைய வருடங்கள் ஏற்றவில்லையாம். புத்தகத்தில் தேட வேண்டும், தேடுகிறவர் லீவு, அடுத்த மாதம் வந்து பாருங்கள். பாஸ்போர்ட், பிரசவம் எல்லாம் சொன்னேன். கவுண்டர் ஆள் தலையை ஆட்டிக் கேட்டான். கேட்டதோடு சரி.

வீட்டில் இவருக்கு ஒரே உற்சாகம். தெருவிளக்குக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு தடவை எழுதிப் போட்டு விளக்கு எரிய வைத்தவர். மார்த்தாண்டத்தில் தன் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்களிடம் இன்னும் அந்தக் கதைதான். மனுவில் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டு, பொதுத் தகவல் அலுவலர் என்று போடு, முப்பது நாளில் பதில் தந்தே ஆக வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேட்டது இரண்டு. என் பிறப்புப் பதிவின் நகல் ஒன்று. பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி.

அச்சடித்த மாதிரி இருக்கு என்றார் இவர். அப்பா கொடுத்த கையெழுத்து. கோர்ட் வாசலில் முப்பது வருடம் மனு எழுதின மனுஷன். சிலேட்டில் ஒரு சுழி கோணினாலும் விரல் முட்டியில் அடி விழும். கடைசியில் அவர் எழுத்தும் என் எழுத்தும் ஒன்றாகிவிட்டது. என் கல்யாணக் கவர்களில் யார் எதை எழுதினோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தபால் ஆபீசில் ஒப்புகை அட்டையோடு அனுப்பியாச்சு. மழை விட்ட மாதிரி இருந்தது, பஸ் ஏறினதும் பிடித்துக்கொண்டது.

ரம்யா வீடியோவில் வந்தாள். முகம் வீங்கி இருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம். நான் அதைக் கேட்டால் அவள் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு வயசே தெரியல்ல, அம்பத்தி நாலுண்ணு யாரு சொல்லுவா" என்கிறாள். கம்பெனியில் பருப்பு தரம் பிரிக்கிற பெண்களும் இதைத்தான் சொல்வார்கள். தேங்காயெண்ணெய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியில் கொட்டை வரவில்லை, விடுமுறை. அதனால் தபால்காரர் வரும்போது வீட்டில் இருந்தேன். நகராட்சிக் கவர். முற்றத்தில் நின்றே பிரித்தேன். அதில் உள்ளபடி:

"தாங்கள் 5-6 அன்று அளித்த மனுவும், இதற்கு முன் அளித்த ஏழு மனுக்களும் பார்வையில் கொள்ளப்பட்டன. தாங்கள் தொடர்ந்து கோரிவரும், நாகப்பன் மகள் பகவதி என்பவரின் இறப்புப் பதிவு இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை என்பது முன்பே ஏழு முறை தெரிவிக்கப்பட்டுள்ளது. தற்போது கோரியுள்ள பிறப்புப் பதிவேட்டினை 30-6 அன்று காலை 11 மணிக்கு நேரில் பார்வையிடலாம்."

மூன்று தடவை வாசித்தேன். நாகப்பன் என் அப்பா. பகவதி நான். வேறு பிள்ளை கிடையாது. நான் செத்ததற்குப் பதிவு இல்லையாம். நல்ல சேதிதான், ஆனால் நான் கேட்கவில்லையே. அதுவும் ஏழு தடவை.

சிரிக்கத்தான் பார்த்தேன். கவரைத் திருப்பி விலாசத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

அம்மா உள்ளேயிருந்து யாருக்குக் கடலாசு என்று கேட்டாள். கரண்ட் பில் என்றேன். அவள் வாசல்வரை வந்து கையை நீட்டினாள். கரண்ட் பில்லுக்கு எதற்கு அம்மா கையை நீட்ட வேண்டும்? நான் கொடுக்கவில்லை.

ஜூன் 25, புதன்

வேலையில் மனசு இல்லை. முழுப் பருப்பு டின்னில் உடைந்த பருப்பு போய்விட்டது, என் மேற்பார்வையில் இப்படி நடந்ததே இல்லை. டிபன் நேரத்தில் சீட்டின் பின்பக்கம் எழுதினது:

1. இன்னொரு நாகப்பன், இன்னொரு பகவதி. இந்தத் தெருவில் இல்லை.
2. நான் செத்ததாகக் காட்டி வீட்டை எழுதி வாங்க யாரோ பார்க்கிறார்கள். அப்பா போன பிறகு நாங்கள் அம்மாவோடு இருக்க இந்த வீட்டுக்கு வந்தது சிலருக்குப் பிடிக்கவில்லை.
3. ஆபீஸ் குளறுபடி.
4. நானே எழுதி மறந்துவிட்டேன்.

இவர் இரண்டாவது என்று சாதிக்கிறார். வக்கீலைப் பார்ப்போம் என்கிறார். நாலாவதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

காற்று. மழை இல்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன். ரெக்கார்டு ரூம் மாடியில். கரையான் மருந்து வாசனை, ஒரே ஒரு டியூப்லைட். கிளார்க் பெயர் சுஜா, முப்பத்தைந்து இருக்கும். என் பெயரைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நா. பகவதி நீங்கதானா? ஒருதடவ நேரில பாக்கணும்ணு இருந்தேன் கேட்டியளா. ஆடி பெறந்தா உங்க மனு வந்துரும். தான் செத்த கடலாச தானே கேக்குத ஒரு ஆளு. இங்க எல்லாருக்கும் உங்களக் கண்டா பயமாக்கும்."

நான் எழுதவில்லை என்றேன். அவள் கோப்பை எடுத்துக் காட்டினாள். ஏழு மனு, நூலில் கோத்து வைத்திருக்கிறது. கையெழுத்து என்னுடையது. என்னுடையதேதான். கீழே நா. பகவதி. கல்யாணத்துக்குப் பிறகு நான் நா. போட்டதே இல்லை. இவர் பெயர் சுரேந்திரன், நான் சு. பகவதி.

முதல் மனு 2018 ஆடி. அப்பா போனது அதே வருடம் கார்த்திகையில். அப்படியானால் அப்பா எழுதியது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்தது 2019 ஆடி. அதற்கு அடுத்தது 2020. அப்படியே போன வருடம் வரைக்கும். எல்லாம் அதே எழுத்து.

மேசையில் ஏழையும் வரிசையாகப் பரப்பினேன். முதலாவதைத் தவிர மற்றதில் தேதி மட்டும் வேறு கை, கோணல் எண்கள். மற்றபடி ஒவ்வொரு வரியும் ஒரே இடத்தில் முடிகிறது. ஓரத்தில் ஒரு சொல் ஒரே இடத்தில் உடைகிறது. மூன்றாவது வரியில் 'பிறந்த' என்று எழுதி, அடித்து, மேலே 'இறந்த' என்று திருத்தியிருக்கிறது. ஏழிலும் அதே தவறு, அதே அடித்தல், அதே மாதிரி இரண்டு கோடு. செத்த மனுஷன் வருடம் ஒரு தடவை எழுந்து வந்து, அதே வரியில் தப்பு விட்டு, திருத்திவிட்டுப் போன மாதிரி.

சுஜா தண்ணீர் கொடுத்தாள். பிறகு பிறப்பு ரிஜிஸ்டர். 26-4-71, பெண், பகவதி, தகப்பன் நாகப்பன், தாய் தங்கம்மை. சான்றிதழ் ஒரு வாரத்தில் தந்துவிடலாம் என்றாள்.

சந்தோஷப்பட வேண்டியது. ஏனோ எழுபத்திரண்டையும் கேட்டேன். டிசம்பர் முழுக்க விரல் வைத்துத் தேடினேன். எங்கள் வீட்டுப் பெயரில் ஒன்றும் இல்லை.

புறப்படும்போது கோப்பின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நகராட்சி அனுப்பிய பதில்களுக்கு வீட்டில் வாங்கினவர் கையெழுத்திட்ட அட்டைகள். ஏழு. ஒவ்வொன்றிலும் தங்கம்மை என்று, பெரிய பெரிய எழுத்தில்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

காலையில் சாயா கொடுத்தபோது "ஏட்டி, சீனி கொறவு" என்றாள். அப்போதுதான் பொறி தட்டியது. என்னை அம்மா கூப்பிடுகிறவை: ஏட்டி. மக்கா. பிள்ளே. ரம்யா பிறந்த பிறகு, ரம்யாக்க அம்மே. என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டது நினைவில்லை. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். கல்யாணத்தில் இல்லை. ஸ்கூல் வாசலில் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் இல்லை.

செவ்வாய் ஆனதால் பத்து மணி பஸ்ஸில் மண்டைக்காட்டுக் கோயிலுக்குப் போனாள். நான் அரை நாள் லீவு. தப்புதான், அவள் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அப்பா எழுதிய மனுவின் நகல், மூன்றாவது வரியில் அந்த அடித்தலோடு. பதில்கள் ஏழும் நூல் சுற்றிக் கட்டி. அதோடு நாலைந்து வெள்ளைத்தாளில் பாதி எழுதி விட்டவை. கை நடுங்கிக் கெட்டுப்போனதாக இருக்கும்.

போட்டோ இல்லை. குழந்தை உடுப்பு இல்லை. கடலாசு மட்டும்.

அவள் அறை ஜன்னல் கண்ணாடியில், என் கழுத்து உயரத்துக்கு, துடைத்தும் போகாத நீல மைத் துணுக்குகள். தாளை வெளிச்சத்தில் கண்ணாடியில் வைத்து, அப்பாவின் எழுத்தின் மேலேயே எழுதியிருக்கிறாள். அந்த ஜன்னலை வாரா வாரம் துடைக்கிறவள் நான். மை எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஆறு மனுவும் யார் எழுதியது என்று தெரிந்தாச்சு. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் நாலு மணி. வெயில் எட்டிப் பார்த்தது. அம்மா பின்வாசலில் பலாச் சக்கைக்குரு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நகலைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பெட்டியைத் திறந்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை நேராகத் திருப்பி வைத்தாள்.

"எனக்க பேரில ஏன் இப்பிடி எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"உனக்க பேரில எழுதல்ல மக்கா. அவளுக்க பேரிலயாக்கும்."

பிறகு உரித்துக்கொண்டே சொன்னாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்றோ என்னவோ, கை நிற்கவே இல்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண். எழுபத்தொன்று சித்திரை. அப்பாவைப் பெற்றவள் பெயர் பகவதி, மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் வைக்க வேண்டும், வைத்தார்கள். பதினைந்து மாதம் இருந்தாள். நடப்பாள், இந்தப் பின்வாசல் கதவைப் பிடித்து நின்று காக்கையைக் கூப்பிடுவாள். ஆடி முதல் வாரம் காய்ச்சல். மழையில் ஆற்றுப் பாலம் மூழ்கி வண்டி வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். அப்போது நான் வயிற்றில், நாலு மாதம். குழந்தை என்பதால் எரிக்கவில்லை, பின்னால் பலாமரத்து மூட்டில் அடக்கம். மார்கழியில் நான் பிறந்தேன். தன் அம்மையின் பெயர் வீட்டில் இல்லாமல் போகக்கூடாது என்று அப்பா அதே பெயரை என் காதில் மூன்று தடவை சொன்னார்.

என்னை ஏன் ஒரு தடவையும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கூப்பிட்டு, ரெண்டுபேரும் திரும்பிப் பாத்தா நான் என்ன செய்வேன்?"

சக்கைக்குருவில் ஒன்றை எடுத்து நானும் உரித்தேன்.

மனு எதற்கு என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "அவ இருந்தாண்ணு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பெறந்த கடலாசு உனக்குப் போச்சு. போன கடலாசாவது அவளுக்கு வேணும்."

யாருடைய கடலாசோ அவர்கள் பெயரில்தான் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால்தான் நா. பகவதி. அடக்கம் முடிந்த மறுநாள் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நகராட்சியில் இறப்பை எழுதிக் கொடுக்கப் போனதைக் கண்ணால் கண்டாளாம். எழுதிக் கொடுத்தது எங்கே போகும், தேடுகிறவர்கள் ஒழுங்காகத் தேடவில்லை என்பது அவள் எண்ணம்.

ஜூலை 4, வெள்ளி

கம்பெனியில் தலைவலி என்று சொல்லி ஒதுங்கி உட்கார்ந்தேன். கணக்கு கூடி வருகிறது.

அப்பா எழுதிக் கொடுக்கவே இல்லை. சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறார், வந்திருக்கிறார். அந்தத் துக்கத்தில் வாய் வரவில்லையா, தெரியாது. அம்மா கேட்டபோது இதைச் சொல்ல முடியாமல்தான் முதல் மனுவும் எழுதியிருப்பார். பிறகு நான் பிறந்ததையும் எழுதிக் கொடுக்கவில்லை. பகவதி என்ற பெயரில் ஒரு பிறப்பு ஏற்கெனவே பதிவாகி இருக்கிறதே. ஸ்கூலில் சேர்க்கும்போது அதை நீட்டியிருக்கிறார். நாலரை வயதுக்காரி ஆறு வயது என்று முதல் பெஞ்சில். வயதுக்கு வளர்த்தி இல்லை என்று டீச்சர் மீனெண்ணெய் மாத்திரை தந்தாள். ஊர் உலகத்தில் எல்லாத் தகப்பனும் பிள்ளையைச் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்னான். என் தகப்பன் மனு எழுதுகிறவன், கையில் கடலாசும் வைத்திருந்தான்.

தேங்காயெண்ணெய் இல்லை. நான் நிஜமாகவே சின்னவள்.

சுஜாவுக்கு போன் செய்து, தெரிந்த ஒருத்திக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் சொன்னது: அந்தக் குழந்தையின் இறப்பை இப்போது பதியலாம், விசாரணை உண்டு. பதிந்தால் அந்தப் பிறப்புப் பதிவு செத்த பிள்ளையுடையது ஆகிவிடும். உயிரோடு இருக்கிறவள் தன் பிறப்பைப் புதிதாகப் பதிய வேண்டும். ஆர்.டி.ஓ., சாட்சி, பள்ளிக்கூட ரிக்கார்டு திருத்தம். ஆறு மாதம், ஒரு வருடம்.

ரம்யாவுக்கு எட்டு வாரம்.

ஆக, அம்மா கேட்கிற கடலாசு வந்தால் நான் போக முடியாது. நான் போனால் அவளுடைய பெரிய மகள் இன்னும் சாகாதவளாகவே இருப்பாள். அம்மாவுக்கு எழுபத்தேழு. இவரிடம் எல்லாம் சொன்னேன். முதலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா என்றார்.

பாத்திரம் கழுவுகிற கல் பலா மூட்டில்தான் கிடக்கிறது. ஏழு வருடமாக அதில் உட்கார்ந்து கழுவுகிறேன். ஆடியில் அம்மா அங்கே பால் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், எறும்பு வரும் என்று சத்தம் போட்டிருக்கிறேன். இன்றைக்குப் பாத்திரத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். அம்மா பார்த்துவிட்டு, "அங்கயே கழுவு. அவளுக்கு ஆளு வேணும்" என்றாள்.

ஜூலை 9, புதன்

சான்றிதழ் கையில். சுஜா நன்றாக இருங்கள் என்று சொல்லித் தந்தாள். மழைக்காகக் கவரைச் சேலைக்கு உள்ளே வைத்துக் கொண்டுவந்தேன்.

அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெண். நாகப்பன். தங்கம்மை. பிறகு பெயருக்கு வந்து, சத்தமாக, "பகவதி" என்றாள்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் வாயில் அந்தப் பெயரைக் கேட்டது முதல் தடவை. என்னை அறியாமல் "என்னம்மா" என்றேன்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ இல்ல மக்கா" என்றாள்.

அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. போய் இறக்கி வைத்தேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. இந்த வயதில் செத்த குழந்தையோடு போட்டி போடுகிறேன், வெட்கமாகவும் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

இ-சேவையில் ஆதார் தேதி மாற்றக் கொடுத்தேன். 26-4-71 ஆகிறது. மிஷின் முன் விரல் வைக்கச் சொன்னார்கள். நாலு தடவை வைத்தும் எடுக்கவில்லை. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தேய்ந்த விரல், எப்போதும் உள்ள தொல்லைதான். ஐந்தாவது தடவை எடுத்தது. அதற்குள் வேர்த்துவிட்டது எனக்கு.

ரம்யாவுக்கு ரத்த அழுத்தம் கூடுதல். சீக்கிரம் வாங்கம்மா என்றாள். பயத்தில் பேசுகிற குரல் எனக்குத் தெரியும்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

விடியும்போதே காற்று. வாழை இரண்டு சாய்ந்தது.

அம்மா காலை பத்து மணிக்கு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கை நடுங்குகிறது, இந்த வருடம் நீ எழுதித் தா என்றாள். நகல் வேண்டாமா என்றேன். உனக்கும் அப்பா எழுத்துதானே என்றாள்.

எழுதினேன். பெறுநர், பொருள், ஐயா. நல்ல வெளிச்சம், நல்ல பேனா, எழுதிப் பழகின கை. மூன்றாவது வரியில் 'பிறந்த' என்று எழுதிவிட்டேன். இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே 'இறந்த' என்று திருத்தின பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நகல் அவள் பெட்டியில். என் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

வேறு தாள் எடுக்கப் போனேன். அம்மா தாளின் மேல் கையை வைத்தாள். இப்படித்தான் இருக்கும், இதுவே போதும் என்றாள்.

கீழே நா. பகவதி என்று கையெழுத்துப் போட்டேன். பேனா ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தபாலில் சேர்த்துவிட்டு வரும்போது பால் வாங்கி வந்தேன். பலா மூட்டில் அவளே ஊற்றினாள். நான் எறும்பு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாஸ்போர்ட் வந்தது. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் இது உங்கள் மகள்தானா என்று கேட்டதற்கு, எனக்க மகளுக்க கடலாசுதான் என்று அம்மா சொன்னாள். பொய் இல்லை.

போட்டோவில் நான். தேதி அவளுடையது. பெயர் இரண்டு பேருக்கும்.

டிக்கெட் 20-ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து. கொண்டுபோக: உளுந்து அரைகிலோ, கருப்பட்டி, பேறுகால மருந்துப் பொடி, பழைய வேட்டி கிழித்தது, நேந்திரங்காய் வற்றல், ரம்யா கேட்ட மாங்காய் ஊறுகாய். ஏழு கிலோ கைப்பை.

ஆகஸ்ட் 20, புதன்

வண்டியில் எழுதுகிறேன். குலுக்கலில் எழுத்து கோணுகிறது, அப்பா பார்த்தால் அடிதான்.

பன்னிரண்டுக்குப் புறப்பட இருந்தோம். பதினொன்றேகாலுக்குத் தபால்காரர். நகராட்சிக் கவர். அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். எட்டாவது அட்டை. வாங்கி என்னிடம் தந்து, வாசிக்கச் சொன்னாள்.

வாசித்தேன். நாகப்பன் மகள் பகவதி என்பவர் இறந்ததாக இவ்வலுவலகத்தில் பதிவு எதுவும் இல்லை.

"அப்பா எழுதிக் குடுக்கல்ல, இல்லியா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் தாளை மடித்து, மற்ற ஏழோடு வைத்து நூலைச் சுற்றினாள். முடிச்சு போட வரவில்லை, நான் போட்டுக் கொடுத்தேன். வந்த பிறகு நானே போய் எழுதிக் கொடுக்கிறேன், என் தேதி எப்படிப் போனாலும் சரி என்று சொன்னேன். நிஜமாகத்தான் சொன்னேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. பலா நிற்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்ததா ஒருத்தரும் எழுதாத பிள்ளதானே. போயிட்டு வரட்டு."

இவர் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா வாசல் கேட் வரை வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், முகத்தைப் பார்த்தாள்.

"பகவதியே," என்றாள். "ரெண்டுபேரும் பாத்துப் போயிட்டு வாருங்க."

இவர் டிக்கியை அடைத்துவிட்டு, நான் ஏர்போர்ட் வரைக்கும்தான் அத்தை, பிளேனில் இவள் மட்டும்தானே என்றார். எனக்குத் தெரியும் மாப்ள என்றாள் அம்மா.

இவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால். கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். களியக்காவிளை தாண்டினதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.